கிழவிக்கு ஒரு நல்லி எலும்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்தே சொல்லலாம். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் அதைவிட மரியாதையுள்ள புத்தகம் ஒன்று உண்டு. எந்தச் செம்மறியின் காதில் எந்த வெட்டு இருந்தால் அது எந்தப் பண்ணைக்குச் சொந்தம் என்று எழுதிவைத்த காதுக்குறிப் புத்தகம் அது. வேதப்புத்தகத்தின் மேல் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரும் தொண்ணூறு வயதுவரை இருந்து தூக்கத்தில் போனார்கள். காதுக்குறிப் புத்தகத்தோடு விளையாடியவன் எவனும் அடுத்த பனிக்காலத்தைப் பார்த்ததில்லை. ஆகவே இது காதுக்குறிப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்வது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடையில், ஸ்கார்ட் பண்ணைக்காரி யோருனைக் கருமணலுக்கு மாற்றினார்கள். அவள் காப்பு நிலத்துக் காவலாளி. அதற்கு முன் எட்டுக் கோடைகள் வெந்நீர் ஊற்றுப் பக்கம் நின்று, குளிக்க வருகிறவர்கள் வெந்துபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் தலைநகரத்தில் யாரோ வரைபடத்தின் மேல் பென்சிலை வைத்து இழுத்ததில் கருமணலும் காப்புக்குள் வந்துவிட்டது. கிரீமா எரிமலை ஆயிரம் வருஷமாகத் துப்பிய சாம்பலும் கங்கும்தான் கருமணல். பனிமலை அடிவாரத்திலிருந்து, ஆடு திரட்டுகிறவர்கள் தங்கும் மேலக்குடில்வரை குதிரையில் ஒரு முழு நாள். நடுவில் ஒரு புல் கிடையாது. காகம்கூட அதைக் கடக்கும்போது மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் போகும்.

யோருனுக்கு ஐம்பத்து நாலு வயது. கிழக்கே மீன்பிடி ஊரில் பிறந்து, ஸ்கார்ட் ஈஸ்லேவைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக ஆட்டோடு ஆடாக வாழ்கிறவள். ஆனாலும் கருமணலில் அதுவரை கால்வைத்ததில்லை. அது ஆண்கள் ஆடு ஓட்டிவரும் வழி. பெண்கள் குடிலில் சூப் வைத்துக் காத்திருப்பார்கள்.

காப்பு நிலத்துக்கு மூன்று விதிகள். எதையும் எடுத்துப் போகாதே, எதையும் விட்டுப் போகாதே, கல்மேல் கல் வைக்காதே. மூன்றாவது விதி பயணிகளுக்காகப் போட்டது. பார்க்க அழகாக ஒரு மேடு கிடைத்தால் போதும், வெளிநாட்டுக்காரன் குனிந்து கல்லடுக்க ஆரம்பித்துவிடுவான். ஒருவன் அடுக்கினால் பின்னால் வரும் முப்பது பேரும் அடுக்குவார்கள். மூடுபனியில், முன்னோர்கள் வழிகாட்ட அடுக்கிவைத்த வழிக்குவியல்களை நம்பிக் குதிரை ஓட்டுகிறவனுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

"பாசியப் பாருங்க," என்று தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தான். அவன் காலணியில் ஒரு துளி சேறு கிடையாது. "கல்லுல பாசி இருந்தா பழைய வழிக்குவியல், தொடாதீங்க. பாசி இல்லேன்னா பயணிங்க அடுக்குனது, கலைச்சிடுங்க. அவ்வளவுதான்."

ஆகஸ்ட் மாதக் கடைசியில், பேய்த்தொண்டைப் பள்ளத்துக்கு மேலே உள்ள மேட்டில் யோருன் பன்னிரண்டு குவியல்களைக் கண்டாள். ஒன்றிலும் பாசி இல்லை. ஒன்றரை நாள் குனிந்து நிமிர்ந்தாள். அரைகுறையாகச் செய்வது அவள் குலத்திலேயே கிடையாது. கலைத்த கற்களைக் கிடந்த இடத்தில் விட்டால் அடுத்தவன் வந்து அடுக்குவான் என்று ஒவ்வொரு கல்லையும் நாற்பது தப்படி தூக்கிப்போய் ஒவ்வொரு திசையில் போட்டாள். சுற்றிக் கிடந்த டப்பா, ஆரஞ்சுத் தோல், எலும்பு எல்லாவற்றையும் சாக்கில் வாரினாள். அறிக்கையில் 'பன்னிரண்டு அகற்றப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. அதற்கப்புறம் அவள் நன்றாகத் தூங்கியதாக யாரும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஆடு திரட்டும் நாள் வந்தது. கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளைத் திரட்டிப் பள்ளத்தாக்குக்கு இறக்க வேண்டும். ஈஸ்லேவ் பத்தொன்பது வருஷமாக மலை ராஜா. யார் எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று மலை ராஜா சொன்னால் அது சட்டம். கீழே இறங்கியதும் அவன் பேச்சை நாய்கூடக் கேட்காது.

புறப்படும் முன்தினம் மாலை மேலக்குடிலில் எல்லோரும் சூப் குடித்து முடித்தபின், ஈஸ்லேவ் ஒரு நல்லி எலும்பை எடுத்து வைத்துக்கொண்டான். கத்தி நுனியால் உள்ளே இருந்த மஜ்ஜையைச் சுரண்டி நாய்க்குப் போட்டான். ஒரு காகிதத் துண்டில் பென்சிலால் எதையோ எழுதினான். நாலு வரிக்கு முக்கால் மணி நேரம். பிறகு காகிதத்தைச் சுருட்டி எலும்புக்குள் திணித்து, மெழுகுவத்தியைச் சாய்த்து இரண்டு வாயையும் அடைத்தான்.

"யாருக்கு அது?" என்று யோருன் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கிழவிக்கு."

கருமணலில் முப்பது வழிக்குவியல்கள். அவற்றில் இருபத்திரண்டாவதுக்குத்தான் கிழவி என்று பெயர். அந்த வழியே வருகிற மலை ராஜா கிழவியின் இடுப்புப் பொந்தில் கையைவிட்டு, போன வருஷத்து எலும்பை எடுத்துப் படித்துவிட்டு, இந்த வருஷத்து எலும்பை வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாட்டு எவ்வளவு ஆபாசமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கிழவி சந்தோஷப்பட்டு வழிவிடுவாள். பாதிரியார் பெர்க்ஸ்வேன்கூட ஒரு வருஷம் எழுதியிருக்கிறார்; அதைப் படித்த ஆள் இன்றுவரை கோயிலுக்கு வருவதில்லை.

"எங்கிட்ட காட்டு."

"உனக்கெதுக்கு? கிழவிக்குன்னு சொல்றேன்ல."

"முப்பது வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதுனியா நீ? கல்லுக்கு எழுதறான் பாரு, கல்லுக்கு."

"அவ பதில் பேசறதில்ல, யோருன். அதான் விஷயமே," என்றான் ஈஸ்லேவ், எலும்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே. பக்கத்துப் பண்ணை ஊல்வார் சிரித்த சிரிப்பில் அவன் மூக்கிலிருந்த பொடி விளக்கின் மேல் பறந்தது.

சமையல்காரி ஹால்பேரா கரண்டியை நீட்டி, "சிரிக்கறதுக்கு முன்னாடி மூக்கத் துடைடா மாடு. அது நாளைக்கும் சூப்பு," என்றாள்.

ஈஸ்லேவ் அதற்குள் மறுநாளைக்கான ஏற்பாட்டைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒன்பது பேர் கிட்டத்து மலைகளைத் திரட்டுவார்கள். ஈஸ்லேவும் ஊல்வாரும் பாதிரியாரும் பனிமலை அடிவாரம்வரை போவார்கள். போகும்போது கிழக்கே ஆற்றோரமாக. வரும்போது ஆடுகளோடு கருமணல் வழியாக. மூன்றாம் நாள் இருட்டுமுன் குடிலுக்கு வந்துவிடுவார்கள்.

"மழை பேஞ்சாலும் கல்லு விழுந்தாலும் ஒண்ணுதான்," என்றான். "முதல் குவியல்லேர்ந்து எண்ணிக்கிட்டே வரணும். இருபத்திரண்டத் தொடறவரைக்கும் நேரா. தொட்டபிறகு வலதுகைப் பக்கம். கிழவியத் தொடாம எவனும் திரும்பக்கூடாது."

"தொடாம நேராப் போனா?" என்று பாதிரியார் கேட்டார். அவருக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும், வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்பது வழக்கம்.

"இருநூறு தப்படியில பேய்த்தொண்டை. விழுந்தா ஜூன் மாசம் பனி உருகறவரைக்கும் எடுக்க முடியாது. கெடாமக் கிடப்பீங்க பாதிரியாரே, கவலைப்படாதீங்க."

மூன்றாம் நாள் காலை ஒன்பது பேரும் ஆயிரத்து எண்ணூறு ஆடுகளோடு பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டார்கள். வானத்தின் நிறம் பிடிக்கவில்லை என்று வேகமாகவே இறங்கினார்கள். குடிலில் யோருனும் ஹால்பேராவும் ஒரு கிழட்டுச் சுமைக் குதிரையும் மிச்சம்.

பதினோரு மணிக்குக் காற்று வந்தது. எங்கள் பக்கத்தில் காற்று என்றால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும். இது கதவோடு வந்தது. கதவைத் திரும்ப மாட்டி மேசையை முட்டுக்கொடுத்தார்கள். அடுப்புப் புகை மேலே போக முடியாமல் திரும்பி வந்து கட்டிலுக்கடியில் பதுங்கியது. வாசலில் 'இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லாதீர்கள்' என்று இரும்புக் கம்பத்தில் ஒரு பலகை இருந்தது. காற்று முதலில் அதை எடுத்துச் சென்றது. அடுத்தது வானொலிக் கம்பி. பள்ளத்தாக்கோடு பேச வேறு வழி கிடையாது. பிறகு பனி வந்தது. பனியோடு கருமணலும் கிளம்பிவந்து கலந்ததில் வெளியே வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. ஜன்னலில் யாரோ சாம்பல் நிறக் கம்பளியைத் தொங்கவிட்டதுபோல் இருந்தது.

"வந்துருவான்," என்றாள் ஹால்பேரா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. "உன் ஆளு மூக்குப்பொடி டப்பாவத் தொலைப்பான், வழியத் தொலைக்கமாட்டான். குவியல எண்ணிக்கிட்டே வருவான்."

"ம்."

"உக்காரேன்டி. நீ நடந்து நடந்து தரை தேயுது."

யோருன் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் குடிலின் வருகைப் புத்தகத்தைப் புரட்டினாள். வந்து தங்குகிற பயணிகள் எழுதிவிட்டுப் போவது. மழை, கால்வலி, அற்புதம், கழிப்பறையில் காகிதம் இல்லை. ஆகஸ்ட் பக்கத்தில் யாரோ பென்சிலால் படம் போட்டிருந்தார்கள். பள்ளத்துக்கு மேலே மேடு. மேட்டில் சின்னச் சின்னக் கற்குவியல்கள் வட்டமாக. நடுவில் பெரிதாக ஒன்று, அதற்குப் பாவாடையும் வரைந்திருந்தார்கள். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. யோருனுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். 'நாங்கள் பதினோரு பேர். இங்கே ஒரு வயதான அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தாள். துணைக்கு ஆளுக்கொரு பிள்ளை செய்துவைத்தோம்.'

யோருன் படத்தில் இருந்த குவியல்களை விரலால் தொட்டு எண்ணினாள். பதினொன்று. நடுவில் ஒன்று. மறுபடி எண்ணினாள்.

எழுந்து மூலையில் கிடந்த குப்பைச் சாக்கை இழுத்துவந்து தரையில் கவிழ்த்தாள்.

"என்னடி பண்ற? சாப்பிடற இடத்துல!"

டப்பாக்களுக்கும் காய்ந்த தோல்களுக்கும் நடுவில் எலும்புகள் கிடந்தன. பயணிகள் கடித்துப் போட்டவை. ஒன்று மட்டும் கனமாக இருந்தது. சேற்றைத் துடைத்தாள். இரண்டு வாயிலும் மெழுகு. நகத்தால் நெம்பிக் காகிதத்தை உருவினாள். ஈஸ்லேவின் கையெழுத்து, எழுத்தெல்லாம் பனிச்சறுக்கில் இறங்குவதுபோல் வலப்பக்கம் சாய்ந்தபடி. போன வருஷத்துத் தேதி.

*கிழவி, உன் கால் மரத்துப்போனால்*
*கிட்ட வா, என் போர்வைக்குள் நுழை.*
*கட்டினவள் கேட்டால் சொல்லிக்கொள்வேன்:*
*கல்தானே, கட்டிலில் புரண்டா படுக்கும்?*

ஹால்பேரா சிரிக்க வாயைத் திறந்தாள். யோருனின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"நான் கிழவியக் கலைச்சுட்டேன், ஹால்பேரா."

"பாசி பாத்துத்தானே கலைப்ப?"

"பாசி இல்ல. அவ மேல பாசியே இல்ல."

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் கிரீமா வாயைத் திறந்தபோது அதன் புகை அந்த மேட்டின் மேல்தான் பதினோரு வாரம் படுத்துக் கிடந்தது. அந்தப் புகை பட்ட புல்லைத் தின்ற ஆடுகளுக்குப் பல் நீண்டு வாய் மூடாமல் போயிற்று. ஸ்கார்ட் பண்ணையில் மட்டும் நாற்பத்தாறு ஆட்டைச் சுட்டுப் புதைத்தார்கள். ஒவ்வொரு ஆட்டின் தலையையும் பிடித்துக்கொண்டவள் யோருன்தான். நாற்பத்தாறு ஆட்டின் பல்லைப் பார்த்தவளுக்கு, அதே புகை கல்லில் இருந்த பாசியையும் உரித்திருக்கும் என்று தோன்றாமல் போய்விட்டது. முந்நூறு வருஷத்துக் கிழவி மொட்டையாகி, நேற்றுப் பிறந்தவள்போல நின்றிருக்கிறாள்.

"தொடாமத் திரும்பமாட்டான்," என்றாள் யோருன். "இருபத்தொண்ணு எண்ணுவான். அடுத்ததத் தேடிக்கிட்டு நேரா வருவான். நேராவே வருவான்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு அடி தாண்டுனா உன் கையே உனக்குத் தெரியாது!"

"இங்கேர்ந்து எட்டுக் குவியல்தானே. முப்பது, இருபத்தொம்பதுன்னு தடவிக்கிட்டே போயிருவேன்."

"போயி? அங்க என்ன இருக்கு? நீதான் கலைச்சுட்டியே!"

"திரும்ப அடுக்கறேன்."

ஹால்பேரா கதவுக்கு முன்னால் நின்றாள். அகலத்தில் அவளும் கதவும் ஒன்று. பிறகு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி யோருனின் கோட்டுக்கு மேலேயே போட்டுவிட்டாள். பையில் வெண்ணெய் தடவிய காய்ந்த மீனைத் திணித்தாள்.

"செத்துக்கித்து வெச்ச, உன்னப் பத்தி ஊர்ல நல்லதா ஒரு வார்த்தை பேசமாட்டேன், பாத்துக்க," என்றாள்.

"எப்ப பேசுன நீ?" என்றாள் யோருன். போன வருஷத்து எலும்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

குடிலை ஒட்டிய எட்டுக் குவியல்களும் நெருக்கமானவை, குவியலுக்குக் குவியல் நூற்றைம்பது தப்படி. இருபத்தேழாவது தாண்டியதும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நாலு காலில் போனாள். இருபத்தைந்துக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் காற்று அவளைத் தூக்கியது. தூக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, யோசித்து, இருபத்துமூன்றுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டது. கிரீமாவின் காற்றிடம் யாரும் எதிர்பார்க்காத மரியாதை அது.

மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். பேய்த்தொண்டை எந்தப் பக்கம் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. காலிப் புட்டியின் வாயில் ஊதுவதுபோல. கிழவி நின்ற இடத்தில் ஒரு வட்டப் பள்ளம் மட்டும் இருந்தது. கற்கள் நாற்பது தப்படி தள்ளி, ஒவ்வொன்று ஒவ்வொரு திசையில், பனிக்கடியில், தரையோடு உறைந்து கிடந்தன. அவள் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. நகம் பெயரப் பெயரத் தோண்டினாள். விட்டு விட்டு வந்த வெளிச்சம் போகும்வரை போராடி ஒன்பது கற்களைக் கொண்டுவந்தாள். அடுக்கினால் முழங்கால் உயரம். அந்தப் பனியில் முழங்கால் உயரக் குவியல் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

கத்திப் பார்த்தாள். வாயை விட்டு வெளியே வந்த கத்தல் காதுக்கு எட்டுமுன் பறந்துபோயிற்று. மறுநாள் காலை அது பள்ளத்தாக்கில் வந்து விழுந்ததாகவும், பால் கறந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததாகவும் சொல்கிறார்கள்.

கடைசியில் அந்த ஒன்பது கற்களின் மேல் ஏறி நின்றாள். பாவாடைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் ஹால்பேராவின் கம்பளி. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். கிழவி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் வந்தது.

முதல் மணி நேரம் கால் வலித்தது. இரண்டாவது மணி நேரத்தில் வலி நின்றது; அதுதான் பயமாக இருந்தது. ஈர மணலும் பனியும் அப்பி அப்பி அவள்மேல் ஓர் ஓடுபோல இறுகின. கண் இமைகள் ஒட்டிக்கொண்டன. தாடை பூட்டிக்கொண்டது. ஒரு நரி வந்தது. சுற்றிவந்து முகர்ந்துவிட்டு, பின்னங்காலைத் தூக்கிக் கல்லுக்குச் செய்கிற மரியாதையைச் செய்துவிட்டுப் போனது. நரி இந்த விஷயத்தில் ஏமாறாத பிராணி. அவள் கல்லாகத் தேறிவிட்டாள் என்பதற்கு அதற்குமேல் சான்றிதழ் வேண்டியதில்லை.

தேறியபின் அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. சுடும்போது அவள் பிடித்துக்கொண்ட நாற்பத்தாறு ஆடுகளும் வந்து அவளைச் சுற்றிப் படுத்தன. வாய் மூடாமல், நீண்ட பல்லோடு, காற்றுக்கு முதுகைக் காட்டி. அவை போன வருஷமே மண்ணாகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால்பக்கம் கொஞ்சம் சூடாக இருந்தது.

பிறகு குதிரைக் குளம்பு கேட்டது. கழுத்து மணி. பின்னால் ஆடுகளின் இருமல். காற்றுக்கு நடுவே ஊல்வாரின் குரல்.

"இருபத்தொண்ணு தாண்டி எவ்வளவு தூரம் வந்துட்டோம்! எங்கடா உன் கிழவி?"

"நேரா வா. தொடறவரைக்கும் நேரா," என்றது ஈஸ்லேவின் குரல்.

"பள்ளம் ஊதுது, ஈஸ்லேவ். எனக்குக் கேக்குது."

"எனக்குந்தான் கேக்குது. நேரா."

கம்பளிக் கையுறை ஒன்று அவள் மார்பில் மோதியது. நின்றது. தடவியது. தோள், கழுத்து, தலை.

"இருபத்திரண்டு," என்றான் ஈஸ்லேவ். அவன் மூச்சு விட்ட சத்தத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது; அவன் பயந்திருந்தான். முப்பது வருஷத்தில் அவன் பயந்து அவள் கேட்டதில்லை.

"கிழவி இளைச்சுட்டாளே," என்றான் ஊல்வார்.

"நமக்கு மட்டும் வயசு ஏறலியா?" என்றார் பாதிரியார், பல் கிட்டிக்கொண்டிருந்த குரலில். "சீக்கிரம் குடுக்கறதக் குடுத்துட்டு வா ஈஸ்லேவ். கர்த்தர் பாக்கறாரு."

ஈஸ்லேவின் கை அவள் இடுப்பைத் தடவிப் பொந்தைத் தேடியது. கோட்டுப் பையில் நுழைந்தது. போன வருஷத்து எலும்பு கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்துக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து புது எலும்பை எடுத்து அதே இடத்தில் வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

யோருன் பேசப் பார்த்தாள். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. தாடை திறக்கவில்லை. கண்ணிலிருந்து ஏதோ கிளம்பி, பாதி வழியில் உறைந்து நின்றது.

"சரி கிழவி," என்றான் ஈஸ்லேவ், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "நீ நிக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல." அவள் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான். "வலதுகைப் பக்கம்!"

மூன்று மனிதர்கள், ஐந்து குதிரைகள், முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள். ஒவ்வொன்றாக அவளை உரசிக்கொண்டு வலப்பக்கம் திரும்பின. அவள் எல்லாவற்றையும் எண்ணினாள். ஒன்றுகூட நேராகப் போகவில்லை.

விடிந்ததும் காற்று நின்றது. ஹால்பேரா சுமைக் குதிரையில் கோடாலியோடு வந்து, சுற்றிலும் கொத்தி அவளைப் பெயர்த்தெடுத்தாள். குதிரைமேல் குறுக்காகப் போட்டுக் குடிலுக்குக் கொண்டுவந்து, வாய் திறக்கும்வரை அடுப்போரம் சாய்த்துவைத்தாள். உருகிய தண்ணீர் மூன்று வாளி வந்தது. கட்டில்களில் மூன்று பேரும் காலணிகூடக் கழற்றாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் கண்விழித்தவன் ஈஸ்லேவ்.

"எங்க போயிருந்த ராத்திரி முழுக்க? வந்து பாத்தா காப்பி போட நீ இல்ல."

"குப்பை பொறுக்க," என்றாள் யோருன். அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"இந்தக் காத்துலயா?"

"காத்துல நெறைய வந்து சேருது."

அவன் காப்பியில் சர்க்கரைக் கட்டியை நனைத்து வாயில் போட்டுக்கொண்டு, கிழவி இந்த வருஷம் கொஞ்சம் மெத்தென்று இருந்ததாக ஊல்வாரிடம் சொன்னான். ஊல்வார் நம்பவில்லை. யோருன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு எலும்பைப் பிடித்துக்கொண்டாள். பகல் முழுக்க விடவில்லை. எல்லோரும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கியபின்தான் ஜன்னலோரம் போய் மெழுகை நெம்பிப் படித்தாள்.

"என்னடி எழுதியிருக்கான்?" என்று கேட்டாள் ஹால்பேரா.

"உனக்கெதுக்கு?" என்றாள் யோருன். "கிழவிக்கு எழுதுனது."

அடுத்த கோடையில் அவள் அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிவந்து கிழவியை மறுபடி அடுக்கினாள். இருபத்தெட்டு நாள் ஆயிற்று. அறிக்கையில் 'ஒன்று சேர்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காப்பு நிலத்தில் கல்மேல் கல் வைத்த காவலாளி அவள் ஒருத்திதான். ஏன் வைத்தாய் என்று தலைநகரத்திலிருந்து யாரும் கேட்கவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூன் பதினொன்றாம் தேதி, பனி உருகியபின், பேய்த்தொண்டையின் அடியிலிருந்து, செப்டம்பரிலிருந்து கெடாமல் கிடந்த ஈஸ்லேவையும் ஊல்வாரையும் பாதிரியாரையும் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். ஈஸ்லேவின் சட்டைப்பையில் கிழவிக்கு எழுதிய நல்லி எலும்பு இருந்தது, இரண்டு வாயிலும் மெழுகு உடையாமல்.